பத்தொன்பதாவது நிமிடம்

காலை ஐந்து பத்து.

காலை என்று பேர்தான். கையை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரியின் பின்வாசல் வரை நீளமான ஒரு சாலை. ஒரு பக்கம் உயர்ந்த மதில், மறு பக்கம் பூட்டிய கிடங்குகள். மூன்று விளக்குக் கம்பங்கள், அதில் நடுவில் இருப்பது எரியாது. அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் நடக்கிற ஆள் ஒருத்திதான்... என் நண்பனுடைய அக்கா.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. அந்தச் சின்ன விளக்கை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுங்கள், கண் கூசுகிறது. ம்... இது போதும்.

நண்பனுடைய அக்கா என்றால் எனக்கும் அக்காதான். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன் எடுக்கும் வேலை. அங்கே வரும் பிள்ளைகள் எல்லாம் 'ஸ்கேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் முதலில் வந்து அந்த அறையைத் திறப்பவள் அவள்.

அறையைத் திறப்பது என்றால் சும்மா பூட்டைத் திறப்பது அல்ல. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரவிலும் அணையாது. ஆள் இல்லாத அறையிலும் அது குளிரூட்டும் பம்பின் துணையோடு 'க்ளிச்... க்ளிச்... க்ளிச்...' என்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே போகும் முன் சாவி, கைக்கடிகாரம், தலைப்பின் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட வேண்டும். பிறகு மனிதத் தலை அளவு உள்ள ஒரு பிளாஸ்டிக் பந்தை எடுத்து, தலை வைக்கும் கூண்டுக்குள் வைக்க வேண்டும். பந்து நிறையத் தண்ணீர்.

ஏன் தண்ணீர்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த இயந்திரம் பார்ப்பது எலும்பை அல்ல, தண்ணீரை. நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு துளி நீருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி திசைகாட்டி முட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் அவற்றை ஒரே பக்கம் திருப்பி நிற்க வைக்கிறது. பிறகு ரேடியோ அலையால் லேசாக ஒரு தட்டு. முட்கள் சாய்ந்து, திரும்ப நிமிரும்போது மெல்ல முனகும். அந்த முனகலைக் கேட்டுத்தான் இயந்திரம் படம் வரைகிறது. ஆகவே...

"ஏம்ப்பா, பேய்க் கதைன்னு உக்கார வச்சுட்டுப் பாடம் நடத்துறியே!" என்கிறாள் அத்தை.

பொறுங்கள் அத்தை. இது தெரியாவிட்டால் பயம் வராது.

தண்ணீர்ப் பந்தைப் படம் எடுத்தால், முழு நிலா மாதிரி ஒரே சாம்பல் நிறத்தில் வட்டமாக வர வேண்டும். வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்கும் ஓட்டம் ஐந்து, மொத்தம் இருபத்தாறு நிமிடம். அக்கா வெளியே வந்து, கனமான கதவை மூடி, கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள். ஒவ்வொரு ஓட்டத்தையும் கையால்தான் தொடங்க வேண்டும். அதுவாக அடுத்ததற்குப் போகாது. இதையும் நினைவில் வையுங்கள்.

அன்றைக்கு ஐந்து முப்பத்துமூன்றுக்குத் தொடங்கினாள். இயந்திரம் தட்... தட்... தட்... என்று இடிக்கத் தொடங்கியது. முதல் ஓட்டம் முடிந்தது. இரண்டு. மூன்று. நான்காவது ஓட்டத்தில், ஐந்து ஐம்பத்திரண்டுக்கு...

மணி அடித்தது.

கூர்மையான, விட்டு விட்டு அலறும் மணி. அவளுடைய மேசையில் இருக்கும் மணி. உள்ளே படுத்திருக்கும் நோயாளி உதவி கேட்டால் அடிக்கிற மணி.

உள்ளே இருந்தது தண்ணீர்ப் பந்து.

அக்காவின் கை, மனசுக்கு முன்னால் போனது. பழக்கம். மணியை அடக்கும் பொத்தானை அழுத்தியது. மணி நின்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏதாவது ஷார்ட் சர்க்யூட்டா இருக்கும்" என்கிறான் சின்னவன், போர்வைக்குள்ளிருந்து.

அப்படிச் சொல்ல முடியாதுடா. அந்த மணியின் மறுமுனை ஒரு ரப்பர்ப் பந்து. கோழிமுட்டை அளவு இருக்கும். நோயாளியின் உள்ளங்கையில் கொடுப்பார்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பி போகக் கூடாது என்பதால் அதில் மின்சாரமே கிடையாது. ஒரு மெல்லிய குழாய், அதற்குள் வெறும் காற்று. பந்தைப் பிடித்து அமுக்கினால் காற்று குழாய் வழியாக ஓடி, இந்தப் பக்கம் ஒரு விசையைத் தள்ளும். அவ்வளவுதான். ஒரு கை அமுக்கினால் ஒழிய அது அடிக்காது. அடிக்கவே அடிக்காது.

சன்னல் வழியாகப் பார்த்தாள். ரப்பர்ப் பந்து அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. அசையவில்லை.

அக்காவுக்கு அந்தக் கை யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் மாலைதான் அவனுடைய அம்மா வந்து போயிருந்தாள்.

அவனைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வயசுப் பையன். பெயரை விடுங்கள், அங்கே எல்லாரும் 'மேனேஜர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த முதல் நாளே நர்ஸம்மாவிடம் "இங்க ஏன் நாற்காலி எல்லாம் கோணலா இருக்கு?" என்று கேட்டவன். அவனுக்கு ஒரு நோய். பல லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவது. மூளையின் அடியில், நம் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ கெட்டுப்போகும். கையும் கழுத்தும் அவன் சொல்லாமலே துள்ளும். சட்டைப் பொத்தானைப் போட அரை மணி நேரம் ஆகும். ஆரஞ்சு வாசனை அடிக்கும் ஒரு மருந்தை மூன்று வேளை குடிப்பான். கை துள்ளுமா, பாதி சிந்தும். எப்போதும் விரல் எல்லாம் பிசுபிசுவென்று, கிட்டே வந்தாலே ஆரஞ்சு வாசனை.

அந்த நோய் உள்ள முப்பது பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்து, எந்த இடம் முதலில் கெடுகிறது என்று கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நல்ல ஆராய்ச்சி. தெரிந்தால் மருந்து தேடலாம். ஆனால் ஒரு சிக்கல். இந்தப் படம் போட்டோ மாதிரி ஒரு சொடுக்கில் எடுப்பதல்ல. ஐந்து நிமிடம் வரி வரியாகச் சேகரித்துக் கோர்ப்பது. நடுவில் தலை ஒரு நூல் அசைந்தாலும் எல்லா வரியும் கலைந்து, ஒரு மண்டைக்கு மேல் நாலு மண்டை நிழலாக விழும். சிகிச்சைக்கு என்றால் மயக்க மருந்து கொடுத்துவிடலாம். ஆராய்ச்சிக்காக ஒரு பிள்ளையை மயக்கக் கூடாது என்பது விதி.

அசையாமல் இருக்கவே முடியாத பிள்ளையை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். எப்படி?

விளையாட்டு. அக்காதான் கண்டுபிடித்தாள். துணியால் செய்த ஒரு பொய்ச் சுரங்கத்தில் வாரக்கணக்காகப் பழக்குவாள். 'ஐஸ்' என்றால் உறைய வேண்டும். 'தண்ணி' என்றால் உருகி, கை காலை உதறலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஐஸ், முடிந்ததும் தண்ணி. தூங்கும்போது மட்டும் நின்றிருந்த துள்ளல், ஆச்சரியம் பாருங்கள், இந்த ஆட்டத்தில் ஓரிரு நிமிடம் நிற்க ஆரம்பித்தது.

மேனேஜர் சும்மா விளையாடுவானா? இரண்டு விதி சேர்த்தான்.

"வாயால தண்ணின்னு சொன்னா செல்லாது. வந்து என் கால் பெருவிரலைத் தொடணும்."

"ஏன்டா?"

"வாயால யார் வேணாலும் சொல்லலாம்ல?"

"சரிங்க சார். அடுத்து?"

"நான் ஜெயிச்சிட்டா அந்த நாற்காலி எனக்கு. நீங்க உள்ள போய்ப் படுக்கணும். நான்தான் ஐஸ் சொல்வேன்."

"அது பெரியவங்க உக்கார்ற நாற்காலிடா."

"நான் மேனேஜர்."

அக்கா சிரித்து, கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். உள்ளங்கை முழுக்க ஆரஞ்சுப் பிசுக்கு.

இரண்டு முறை எடுத்தும் படம் கலங்கிப்போனது. இடையில் தண்ணி சொன்னதும் உதறுவான், அடுத்த ஓட்டத்தில் தலை வேறு இடத்தில் இருக்கும். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபத்தொன்பது வந்தாச்சு. இவன் ஒருத்தன்தான். இன்னொரு பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

மூன்றாவது முறை, ஒரு மாலை. பையனின் அம்மா காலில் அறுவை செய்து உலோகத் தகடு வைத்திருந்ததால் அவளை உள்ளே விட முடியாது, வெளி அறையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மா அவனை இயந்திரத்தின் சுரங்கத்துக்குள் நகரும் நீளத் தட்டில் படுக்க வைத்து, கையில் ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, கூண்டை மூடினாள். அந்தக் கூண்டின் மேல் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். படுத்திருப்பவர் அதைப் பார்த்தால், கால் பக்கத்தில் இருக்கும் சன்னலும், சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளும் தெரியும். பிள்ளைகள் பயப்படாமல் இருக்க.

அக்கா மைக்கை அழுத்தினாள். "ஐஸ்!"

முதல் ஓட்டம் முடிந்தது. திரையில் வந்த படத்தைப் பார்த்து அவளுக்கு மூச்சு நின்றது. கத்தியால் நறுக்கியது போல அவ்வளவு தெளிவு. தண்ணி சொல்ல மைக்குக்குக் கை போனது... நின்றது. இப்போது சொன்னால் உதறுவான். எல்லாம் போகும்.

சொல்லவில்லை.

இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கினாள். தெளிவு. மூன்றாவது. தெளிவு. நான்காவது ஓட்டம், பத்தொன்பதாவது நிமிடம்... மணி அடித்தது.

மணி அடித்தால் நிறுத்தி, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் இந்தப் பிள்ளைகள் கையில் அது சும்மாவே அடிக்கும். கை துள்ளும்போது தானாக அமுங்கிவிடும். அதனால் அங்கே வேலை செய்பவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம்: சன்னல் வழியாகக் காலைப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் கையும் துள்ளியிருக்கிறது. மணியை அடக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அக்கா காலைப் பார்த்தாள். வெள்ளை உறை போட்ட இரண்டு பாதம். நேராக நின்றன. துளி அசைவு இல்லை.

அப்படியென்றால் கை தானாக அமுக்கவில்லை. அவன் அமுக்கினான்.

அது அவளுக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். இன்னும் ஏழு நிமிடம். ஒரே ஏழு நிமிடம்.

பொத்தானை அழுத்தி மணியை அடக்கினாள்.

இருபத்தாறாவது நிமிடம் டாக்டரம்மா ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டார். முப்பதில் இதுதான் தங்கம் என்றார். இந்தக் கும்மாளத்தில் நர்ஸம்மா பையனை இறக்கிக் கூட்டிப்போய்விட்டாள். தண்ணி சொல்லவில்லை. பெருவிரலைத் தொடவில்லை.

மறுநாள் வரவேற்பில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். 'மேனேஜர் அம்மா போன் செய்தார். தண்ணி சொல்ல வேண்டுமாம். கூப்பிடவும்.' அக்கா சிரித்துவிட்டுக் கோட்டுப் பையில் போட்டாள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம். சாயங்காலம் ஆள் மேல் ஆள். அதற்கடுத்த நாள் மறந்தே போனது.

ஒரு வாரத்தில் டாக்டரம்மாவே வந்து சொன்னார், அவன் கை துள்ளுவது நின்றுவிட்டதாம். வீட்டில் ஒரே சந்தோஷம், மருந்து வேலை செய்கிறது என்று.

பன்னிரண்டு நாள் அப்படி இருந்தான். பதின்மூன்றாம் நாள் காலை எழுந்திருக்கவில்லை. மல்லாந்து, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டி, நேராக.

நோய் அப்படிப்பட்டது என்றார் டாக்டரம்மா. உண்மைதான். ஸ்கேன் யாரையும் கொல்லாது, யார் கேட்டாலும் நான் விளக்கிச் சொல்வேன். அக்காவும் அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோட்டைத் துவைக்கப் போடும்போது அந்தச் சீட்டு கையில் வந்தது. கிழித்துப்போட முடியவில்லை. அடுத்த கோட்டுப் பைக்கு மாற்றினாள்.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா வந்தாள், படத்தின் பிரதி வாங்க. வாங்கிக்கொண்டு, கதவு வரை போய், திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு உள்ள அவன் பயந்தானா? மணி ஏதும் அடிச்சானா?"

அக்கா அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லீங்க. சமத்தா படுத்திருந்தான்."

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குத்தான் முதல் மணி.

சரி. தண்ணீர் வேண்டுமா யாருக்காவது?... வேண்டாமா?

மறுநாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும். நான்காவது ஓட்டம், பத்தொன்பதாவது நிமிடம், ஒரு நொடி முன்பின் இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் கை தானாகப் போய் அடக்கியது. தடுக்க முடியவில்லை. அடக்கிய பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளரைக் கூப்பிட்டாள். அவருக்கு 'ஸ்பேனர்' என்று பட்டப்பெயர். காந்த அறைக்குள் எந்த ஸ்பேனரையும் கொண்டுபோக முடியாத ஆளுக்கு அந்தப் பெயர்.

"குழாய்ல அடைப்பா இருக்கும்மா. சூடு ஏறினா காத்து விரியும், விசையைத் தள்ளும்."

"தினம் அதே நிமிஷமா?"

"காத்துக்கு என்ன கைக்கடிகாரமா கட்டியிருக்கு? தற்செயல்." ரப்பர்ப் பந்தையும் குழாயையும் மொத்தமாகக் கழற்றி, விசையின் துளையை ஒட்டுநாடாவால் மூடினார். "இந்தாங்க, பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். என் வீட்டுல அடிச்சா போன் பண்றேன்."

மறுநாள் ஐந்து ஐம்பத்திரண்டு.

பந்து இல்லை. குழாய் இல்லை. துளையில் ஒட்டுநாடா.

மணி அடித்தது... அதோடு, மூடிய கதவின் அடியிலிருந்து, ஆரஞ்சு வாசனை.

ஸ்பேனர் வந்து ஒட்டுநாடாவைப் பார்த்தார். அது உள்பக்கமிருந்து ஊதிய மாதிரி உப்பியிருந்தது. பந்தையும் குழாயையும் திரும்ப மாட்டிவிட்டு, அன்றைக்கு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் அக்கா மைக்கை அழுத்தினாள். ஆளில்லாத அறையைப் பார்த்து, "தண்ணி" என்றாள். "கண்ணா... தண்ணி." மணி அடித்தது. இன்னும் நீளமாக.

அன்று மத்தியானம் பையனின் அம்மாவுக்குப் போன் செய்தாள். வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. மணி அடிச்சான். நான்தான் அடக்கிட்டேன்."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய் நின்றது.

"தெரியும்."

"எப்படிங்க தெரியும்?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னான். கண்ணாடியில உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தானாம். மணி அடிச்சதும் அக்கா என் காலைப் பாத்தாங்க, அப்புறம் கையை நீட்டி எதையோ அமுக்கினாங்கன்னு. மூக்குல ஏதோ அரிச்சுதாம். அதுக்குத்தான் அடிச்சிருக்கான்."

அக்கா கையிலிருந்த சீட்டை மடித்தாள்.

"நீங்க வாயால சொல்வீங்கன்னு ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் நானே வந்து கேட்டேன்."

"மன்னிச்சிடுங்க. எப்படியாவது..."

"எங்கிட்ட சொல்லி என்னங்க செய்யறது? அவன்கிட்ட சொல்லுங்க." பிறகு குரல் உடைந்து, "தொடணும்னு சொல்லியிருந்தான். நான் தொட்டேன், அவங்க அப்பா தொட்டாரு. செல்லாதுன்னுட்டான்" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள். காலை ஐந்து பத்து. அதே சாலை. அன்று மூன்று விளக்கும் எரியவில்லை. அக்கா கவனிக்கவில்லை.

தண்ணீர்ப் பந்தை வைத்தாள். ஐந்து முப்பத்துமூன்றுக்குத் தொடங்கினாள். நான்காவது ஓட்டத்தைத் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தாள். சாவி, கைக்கடிகாரம், தலைப்பின். கனமான கதவைத் திறந்தாள். உள்ளே சத்தம் மார்பில் வந்து மோதியது. தட்... தட்... தட்... குளிர். ஆரஞ்சு வாசனை, இருமல் வருகிற அளவுக்கு.

தட்டின் கால் பக்கத்தில் போய் நின்றாள். ஆறு வயசுப் பிள்ளையின் பாதம் எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை பிள்ளைகளைப் படுக்க வைத்தவள். வெறும் விரிப்பு. சுருக்கம் கூட இல்லை.

வெளியே அவள் மேசையில் மணி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை அடக்க அங்கே யாரும் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் கேட்டேன்டா" என்றாள். "அன்னிக்கு எனக்குக் காது கேட்டுச்சு. உன் காலைப் பாத்தேன். தெரிஞ்சுதான் அமுக்கினேன்." கையை நீட்டினாள். "தண்ணி."

விரலில் பட்டது. சின்னது, உருண்டையானது, துணி உறைக்குள். சில்லென்று.

அது மெல்ல மடங்கி, விரிந்தது.

மணி நின்றது. ஓட்டம் முடிந்து இயந்திரமும் நின்றது. க்ளிச்... க்ளிச்... மட்டும். அக்கா அங்கேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எவ்வளவு நேரமோ. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை வெளியே இழுத்து, பந்தை எடுக்கக் கூண்டுக்கு மேல் குனிந்தாள்.

கண்ணாடியின் உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. மூச்சு விட்ட மாதிரி. புறங்கையால் துடைத்தாள். கண்ணாடியில் சன்னல் தெரிந்தது. சன்னலுக்குப் பின்னால் அவளுடைய நாற்காலி தெரிந்தது.

நாற்காலி காலியாக இல்லை.

மேசைக்கு மேலே ஒரு தலையின் உச்சி மட்டும். அவ்வளவு உயரம்தான். மேசை மேல் ஒரு சின்னக் கை, பொத்தான் பக்கத்தில்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஐஸ்."

அவள் ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம். பந்தை எடுத்துத் தரையில் வைத்தாள். தட்டில் ஏறினாள். படுத்தாள்.

ஏழு மணிக்கு நர்ஸம்மா வந்து பார்த்தபோது, அக்கா சுரங்கத்துக்குள், கூண்டுக்குள் தலை வைத்து, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டி, நேராகப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. உள்ளங்கையில் ரப்பர்ப் பந்து, விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அமுங்கியிருந்தது. மணி அடிக்கவில்லை. மேசையில் மணியை அடக்கும் பொத்தானின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் பிசுபிசுவென்று ஒரு விரல் தடம்.

இயந்திரத்தில் படம் இருந்தது. அவளுடைய மூளை. ஐந்து ஓட்டம், இருபத்தாறு நிமிடம், ஒவ்வொன்றும் கையால் தொடங்கப்பட்டது. அவ்வளவு தெளிவான படத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் டாக்டரம்மா. இதயம் துடிக்கிற மனிதருக்குக் கொஞ்சமாவது கலங்கியே தீரும், இது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அக்கா இப்போது என் நண்பன் வீட்டில்தான் இருக்கிறாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ராத்திரி ஆனால் மட்டும் மல்லாந்து படுத்து, கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். விடியும் வரை ஒரு விரல் அசையாது.

போன வாரம் நண்பனுக்குத் தாங்கவில்லை. நடு ராத்திரி எழுந்து போய், அவள் கட்டிலின் கால் பக்கத்தில் குனிந்து, பெருவிரலைத் தொட்டு, "தண்ணி... அக்கா, தண்ணி" என்றான்.

அவள் அசையவில்லை. கண் மட்டும் கூரையையே, அங்கே ஒரு கண்ணாடி இருப்பது போல, பார்த்துக்கொண்டிருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது.

"நீ சொல்லக் கூடாதுடா," என்றாள். "அவன்தான் சொல்லணும்."